பனையோலைத் தோடு, பெட்டி: கடைக்குக் கொடுத்தால் விலை எப்படி வைப்பது?

ஓலைக்காரி (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு பனையோலையில் தோடு, சின்ன மூடிப் பெட்டி, புத்தகத்துக்குள் வைக்கும் அடையாளப் பட்டி என்று செய்து விற்கிறேன். அம்மம்மா வடமராட்சியில் பெட்டி, கடகம், சுளகு எல்லாம் இழைத்தவர். பின்னல் அவரிடம் படித்தது, தோடு மட்டும் என் சொந்த யோசனை. குருத்தோலை ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் கட்டாக வரும், விடிய காலி வீதியில் போய் இறக்கி எடுப்பேன். சாயம் போடுவது, ஓலையை மெல்லிய இழையாக வார்வது, இழைப்பது எல்லாம் நானே. இன்ஸ்டகிராமிலும் வட்ஸ்அப்பிலும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று விற்றுக்கொண்டிருக்கிறேன். தோடு ஒரு சோடி 450 ரூபாய், பெட்டி 1,200 இலிருந்து, அடையாளப் பட்டி 250.

இப்போது கொழும்பு 7 பக்கம் ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர் என் தோடுகளைப் பார்த்துவிட்டு, கொண்டு வந்து வையுங்கள் என்கிறார். விற்ற விலையில் 35 வீதம் அவருக்கு. காசு விற்ற பிறகுதான், விற்காததை நான் திருப்பி எடுக்க வேண்டும். கேட்டவுடன் சந்தோஷமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. 35 வீதம் அநியாயமா, இல்லை இதுதான் வழக்கமா? விலையைக் கூட்டினால், "இது யாழ்ப்பாணத்தில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குமே" என்று சொல்லும் நம்முடைய ஆட்களுக்கு என்ன பதில்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன மாரியில் வைத்திருந்த பெட்டிகளில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. கொழும்புப் புழுக்கத்தில் ஓலையை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

---

கணக்குப்பிள்ளை (கொட்டாஞ்சேனை)

35 வீதம் அநியாயமா என்பதைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி. முதலில் ஒரு சோடித் தோட்டுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. ஓலை பஸ்ஸில் வந்த கதை இருக்கிறது, சாயம் இருக்கிறது, உங்கள் நேரத்தை மட்டும் காணவில்லை. கைவேலை செய்கிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் விலை வைக்கிறார்கள், சாமான் விலையோடு மனதுக்குக் கூச்சமில்லாத ஒரு தொகையைச் சேர்த்து.

நானே ஒரு கணக்குப் போடுகிறேன், பிழை என்றால் திருத்துங்கள். ஓலையும் சாயமும் 40, கொக்கி 60, அட்டையும் கடதாசிப் பையும் 35. மொத்தம் 135. வார்வதிலிருந்து கொக்கி போடும் வரை ஒன்றரை மணித்தியாலம் என்று வைப்போம். 450க்கு நேரடியாக விற்றால் கையில் 315, மணிக்கு 210 ரூபாய். அதே 450க்குக் கடையில் விற்றால் 157.50 கடைக்கு, 135 சாமானுக்கு, மிச்சம் 157.50. மணிக்கு 105.

2026 சனவரியிலிருந்து சட்டப்படி ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,200 ரூபாய். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150. அது எந்தத் தொழிலும் தெரியாதவருக்கும் கொடுத்தே ஆக வேண்டிய காசு. கொழும்பில் மேசன்பாஸ் ஒருவர் அந்தக் காசுக்குச் சீமெந்துப் பையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மூன்று தலைமுறைக் கைப்பழக்கத்தை நீங்கள் அதற்கும் கீழே விற்கப் போகிறீர்கள்.

கடையின் 35 வீதம் உங்கள் ஓலையிலிருந்து போவதில்லை, கொக்கியிலிருந்தும் போவதில்லை. அந்த 135 எப்படியும் செலவாகும். ஆகவே அவ்வளவும் உங்கள் மணித்தியாலத்திலிருந்துதான் போகிறது. விலையை 750 ஆக்கிப் பாருங்கள்: கடைக்கு 262.50 போனாலும் சாமான் கழிய 352.50 மிச்சம், மணிக்கு 235. இப்போது நேரடியாக விற்று எடுப்பதைவிடக் கொஞ்சம் கூட. அந்த விலைக்குப் போகாது என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கடை இந்தச் சாமானுக்கு உரிய இடம் இல்லை, அவ்வளவுதான்.

கடையில் 750, வட்ஸ்அப்பில் 450 என்று வைக்கவே வேண்டாம். வாங்கியவர் ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டால் கடைக்காரருக்கு முகத்தில் அடித்த மாதிரி. எங்கே வாங்கினாலும் ஒரே விலையாக இருக்கட்டும், நேரடியாக வாங்குபவருக்கு வேண்டுமானால் டெலிவரியை இலவசமாகக் கொடுங்கள்.

---

நூல்கண்டு (தெமட்டகொடை)

ஸலாம் சகோதரி. நான் குரோஷே செய்கிறேன், பிள்ளைகளுக்குத் தொப்பி, பொம்மை, அப்புறம் மேசை விரிப்பு. கடைகளுக்குக் கொடுத்தும் இருக்கிறேன், கொடுக்காமல் விட்டும் இருக்கிறேன். என்னிடம் 25 வீதம் கேட்ட கடையும் உண்டு, 40 கேட்ட கடையும் உண்டு. வாடகை, கரண்ட் பில், விற்கிற பிள்ளையின் சம்பளம் எல்லாம் அவர்களுக்கு இருக்கிறதுதானே, வீதத்தைப் பார்த்து நான் கோபப்படுவதில்லை. கோபம் வருவது வேறு விஷயத்துக்கு.

ஒரு கடை என் பொம்மைகளை வெயில் நேராக விழும் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்தது. திருப்பி எடுக்கும்போது ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் ரோசா. அதற்கு யார் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை, நட்டம் எனக்கு. உங்கள் ஓலைச் சாயமும் வெயிலுக்கு நிற்காது என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் கொடுக்கும்போது ஒரு தாளில் என்ன சாமான், எத்தனை, என்ன விலை, எந்தத் திகதிக்குக் கணக்கு முடிப்பது, அழுக்கானால் அல்லது காணாமல் போனால் யார் காசு கொடுப்பது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். முகம் சுளிக்கிற கடைக்காரரும் உண்டு. சுளிப்பவரிடம் நான் கொடுப்பதில்லை.

இன்னொரு வழியும் கேட்டுப் பாருங்கள். "விற்றால் காசு" வேண்டாம், பத்துச் சோடியைக் காசு கொடுத்தே எடுங்கள், விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்று சொல்லுங்கள். காசு போட்டு வாங்கிய சாமானைக் கடைக்காரர் கண்ணுக்கு முன்னால் வைப்பார். சும்மா வந்த சாமான் மூலைக்குப் போய்விடும், என் அனுபவத்தில் ஒவ்வொரு கடையிலும் இதைத்தான் பார்த்தேன்.

கடையைவிட எனக்குக் கை கொடுத்தது விசேஷ வீட்டு ஓடர்தான். எங்களில் கல்யாணம், பிள்ளைக்குப் பேர் வைப்பது, உங்களில் சாமத்திய வீடு, கல்யாணத் தாம்பூலம். இருநூறு பேருக்குக் கையில் கொடுத்துவிட ஏதாவது சின்னச் சாமான் தேவைப்படும். அவ்வளவு பேருக்கும் பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்குப் பதிலாக உங்கள் ஓலைப் பெட்டிக்குள் கற்கண்டோ பனங்கட்டித் துண்டோ போட்டுக் கொடுத்தால் எவ்வளவு வடிவாக இருக்கும். ஆனால் பாதிக் காசு முற்பணமாக வராமல் ஒரு ஓலையையும் வார்ந்து விடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி. சொந்தமாக இருந்தால் முக்கால்வாசி வாங்குங்கள்.

---

சும்மா_வாசிப்பவன்

வாங்குகிற ஆளாக ஒரு மாற்றுக் கருத்து, கோபிக்க வேண்டாம். 750 ரூபாய்க்கு ஓலைத் தோடு நான் வாங்க மாட்டேன், என் மனைவியும் வாங்க மாட்டா. பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் ஓலைச் சாமான் இதைவிட மலிவு. புறக்கோட்டையில் சீனத் தோடு நூறு ரூபாய்க்கே குவித்து வைத்திருக்கிறார்கள். கைவேலை என்பதற்காக மட்டும் சனம் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லாருடைய கையும் இறுகித்தான் இருக்கிறது. உங்களுடைய நேரத்துக்கு விலை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய சம்பளத்துக்கும் ஒரு அளவு உண்டு.

---

ஓலைக்காரி (வெள்ளவத்தை)

@சும்மா_வாசிப்பவன் கோபம் ஒன்றும் இல்லை அண்ணா, நீங்கள் சொல்வதைத்தான் என் சித்தியும் சொல்கிறா. கற்பகத்துக்கு நானும் போவேன், நீத்துப்பெட்டி அங்கேதான் வாங்கினேன். நான் செய்யும் அளவில் தோடு அங்கே இல்லை. இழை ஒன்றரை மில்லிமீற்றருக்கு வார வேண்டும், கடகத்துக்கு வாருகிற மாதிரி வார்ந்தால் காதில் சுளகு தொங்கும்.

@கணக்குப்பிள்ளை அண்ணா, ஒன்றரை மணித்தியாலம் சரிதான், சில மாதிரிக்குக் கூடவும் போகும். மணிக்கு 105 என்று எழுத்தில் பார்த்த பிறகு இரவு நித்திரை வரவில்லை.

---

மெழுகுக்_கை (பம்பலப்பிட்டி)

மகள், நான் நீண்ட காலம் பத்திக், அதாவது துணியில் மெழுகு வைத்துச் சாயம் போடும் வேலை, செய்தவள். இப்போது கண் ஒத்துழைப்பதில்லை, ஆனபடியால் வாய் மட்டும்.

சும்மா_வாசிப்பவன் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, அதில் அவருக்கும் குறைவில்லை, உங்களுக்கும் குறைவில்லை. ஆனால் கொழும்பில் கைவேலைக்கு நல்ல விலை கொடுக்கிற சனமே இல்லை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அறுபதுகளில் ஈனா டி சில்வா பத்திக் செய்யத் தொடங்கியபோது இங்கே அதைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. பிறகு பென்தோட்டையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் உட்கூரைக்கே அவருடைய பத்திக் போனது. பார்பரா சன்சோனியின் பெயார்ஃபுட் கைத்தறிக் கடையைப் பாருங்கள், காலி வீதியில் இன்றைக்கும் நிற்கிறது. கைத்தறித் துணி மருதமுனையிலும் நெய்கிறார்கள், அருமையான நெசவு, ஆனால் அங்கே சாரமும் சேலையும் என்ன விலைக்குப் போகிறது, பெயார்ஃபுட் துணி என்ன விலைக்குப் போகிறது? இரண்டு இடத்திலும் தறியும் கையும்தான். வித்தியாசம் நிறத்தைச் சேர்க்கிற கண்ணிலும், இது யாருடைய வடிவமைப்பு என்று பார்த்தவுடன் தெரிவதிலும் இருக்கிறது. மருதமுனைக்காரருக்கு அந்த விலை கிடைக்காதது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல், அது வேறு கதை.

ஆகவே "பாரம்பரியக் கைப்பணி" என்று எழுதி விற்க வேண்டாம். அப்படி எழுதினால் சனம் உடனே கடகத்தின் விலையை நினைக்கும். உங்களுடைய தோடு நகை. நகைக்குப் பக்கத்தில் வையுங்கள், நகை மாதிரி அட்டையில் குத்திக் கொடுங்கள், நிறங்களையும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த ரோசாவும் பச்சையும் ஊதாவும் சேர்ந்த பழைய சேர்க்கை எனக்கு உயிர், ஆனால் அதைக் கண்டவுடன் எல்லாருக்கும் ஊர்ப் பெட்டிதான் ஞாபகம் வரும். சீலைக்கும் போட, வேலைக்குப் போகும்போதும் போட ஏற்ற நிறமாக நாலைந்து போதும்.

இடம் என்று கேட்டால், ரேஸ்கோர்ஸ் பக்கம் சனிக்கிழமை நடக்கும் குட் மார்க்கெட்டுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். 2012இல் தொடங்கியது. என்ன மூலப்பொருள், யார் செய்கிறார்கள், கழிவு என்ன ஆகிறது என்றெல்லாம் கேட்பார்கள். ஓலை வேலைக்கு அந்தக் கேள்விகளெல்லாம் சாதகம்தான், பொலித்தீன் பையில் போட்டு விற்கிற பழக்கம் இருந்தால் மட்டும் இப்போதே விடுங்கள். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் கலா பொல என்ற கலைச் சந்தை பெயர் பெற்றதுதான், 1993இலிருந்து நடக்கிறது, ஆனால் அது ஓவியம், சிற்பம் செய்பவர்களுக்கு. அங்கே போய்ச் சுற்றிப் பாருங்கள், எந்தப் படத்துக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே நிறம் பற்றி நிறைய விளங்கும். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைப்பணியாளராகப் பதிந்துகொள்வதும் நல்லது. பெரிய ஓடர் வருமென்றால் வியாபாரப் பெயரையும் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். வெள்ளவத்தைக்குத் திம்பிரிகஸ்யாய. முதலில் கிராம சேவகரிடம் கடிதம் எடுக்க வேண்டும். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் கம்பனிகள் ஓடர் கொடுக்கும்போது பில் கேட்டாலும் பயமில்லை.

கறுப்புப் புள்ளிக்கு வருவோம், அதுதான் எனக்குக் கவலை. அது பூஞ்சணம். ஓலை இழையும்போது வளையட்டும் என்று ஈரம் தடவுகிறீர்கள் இல்லையா? ஊரில் இழைத்து முடித்துவிட்டு முற்றத்து வெயிலில் போடுவார்கள், அந்த ஈரம் அங்கேயே போய்விடும். ஃபிளாட்டில் முற்றம் எங்கே? கை தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பின்னலுக்குள்ளே ஓலை ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடத்தில் ஈரம் நிற்கும். அதை மூடிய பையில் போட்டால், அல்லது அதன் மேல் வார்னிஷ் பூசினால், ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பூக்கும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் வையுங்கள், சாயம் போட்டதென்றால் மேலே மெல்லிய வெள்ளைத் துணி விரித்து. மழை நாளில் மூடியைத் திறந்து வைத்து மின்விசிறிக்குக் கீழே. நன்றாகக் காய்ந்த பிறகு கடதாசியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டி இழைப்பதைக் குறைத்துத் தோடு செய்யுங்கள், சின்னது சீக்கிரம் காயும். புள்ளி விழுந்தவற்றை நல்ல சாமானோடு சேர்த்து வைக்கவே வேண்டாம்.

---

கங்காரு_மருமகள் (மெல்பர்ன்)

கொழும்பில் பிறந்து வளர்ந்து இப்போது மெல்பர்னில் இருக்கிறேன். இங்கே நம்முடைய ஆட்கள் ஓலைத் தோட்டுக்கு ஆலாய்ப் பறப்பார்கள், நடன அரங்கேற்றத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கக்கூடக் கேட்பார்கள். ஆனால் ஒன்று, அவுஸ்திரேலியாவுக்கு ஓலை, மரம், விதை, வைக்கோல் எது கொண்டுவந்தாலும் விமானநிலைய அட்டையில் அறிவிக்க வேண்டும். பார்சலில் அனுப்பினாலும் பிரித்துப் பார்க்கலாம். காய்ந்து சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், பூச்சியோ பூஞ்சணமோ கண்டால் பிடித்து வைத்து, மருந்தடிக்கக் காசு கேட்பார்கள் அல்லது அழித்துவிடுவார்கள். ஆகவே அந்த மெழுகுக் கை அன்ரி சொன்ன காய வைக்கிற விஷயம் உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம். சாமான் வாங்கிக்கொண்டு சூட்கேஸில் ஒளித்து வருகிற மாமாமாரிடம் அறிவிக்கச் சொல்லி ஒரு துண்டு எழுதிப் பையில் போடுங்கள், அபராதம் தோட்டின் விலையைவிடப் பல மடங்கு.

இங்கிருந்து பார்த்தால் 750 ரூபாய் ஒரு கோப்பிக் காசுகூட வராது. அதற்காக எங்களுக்குத் தனி விலை வைக்காதீர்கள், ஊரில் அக்கா இருக்கிறா, அவவை விட்டு வாங்குவிப்போம் 🙂

---

கணக்குப்பிள்ளை (கொட்டாஞ்சேனை)

வெளிநாட்டு ஓடர், கல்யாண ஓடர் எல்லாம் நல்லதுதான், ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருநூறு பெட்டி என்றால் ஒரு பெட்டிக்கு மூன்று மணித்தியாலம் போனால் அறுநூறு மணித்தியாலம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் இடைவிடாமல் இருந்து இழைத்தாலும் எழுபத்தைந்து நாள். "ஓம், செய்து தருகிறேன்" என்று சொல்வதற்கு முன்னால் இதைப் பெருக்கிப் பாருங்கள். உதவிக்கு ஆள் எடுத்தால் அவருடைய மணித்தியாலமும் விலைக்குள் இருக்க வேண்டும். இன்றைக்குத் தனியாகச் செய்வதால் மலிவாக விற்றுப் பழக்கிவிட்டால், நாளைக்கு ஊரில் இருக்கிற அக்காமாரிடம் கொடுத்து இழைப்பிக்க அந்த விலையில் இடமே இருக்காது. 450இல் இருப்பதில் எனக்குப் பெரிய பயம் அதுதான்.

கூட்டுவதென்றால் பழைய மாதிரிகளின் விலையைக் கூட்ட வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். புது நிறம், புது அட்டை, புது விலை. அடையாளப் பட்டியை 250க்கு அப்படியே வைத்திருங்கள், சும்மா_வாசிப்பவன் போன்றவர்களும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

---

சும்மா_வாசிப்பவன்

அடையாளப் பட்டி பத்து எனக்கு. மகளின் வகுப்புக்குக் கொடுக்க. பேரம் பேசவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

---

ஓலைக்காரி (வெள்ளவத்தை)

பத்துப் பட்டி குறித்தாயிற்று அண்ணா, பாதிக் காசு முற்பணம் 😄

கடைக்காரரோடு கதைத்தேன். 750 என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு அட்டையில் குத்தித் தந்தால் பார்க்கலாம் என்றார். பன்னிரண்டு சோடியை 500 படி காசு கொடுத்தே எடுக்கச் சம்மதம். வெயில் விழும் கண்ணாடிக்குள் வைக்கக்கூடாது என்று எழுதிக் கேட்டேன், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பெட்டிகளை இப்போதைக்குக் கடைக்குக் கொடுக்கப் போவதில்லை, விசேஷங்களுக்கு மட்டும். மெழுகுக் கை அன்ரி, மொட்டை மாடிச் சாவிக்கு மனேஜ்மென்ட் கமிட்டியிடம் மனுப் போட்டிருக்கிறேன், ஓலை காய வைக்க என்று சொன்னால் தரமாட்டார்கள் என்று உடுப்புக் காய வைக்க என்று எழுதினேன்.

கடைசியாக ஒன்று. 60 ரூபாய்க் கொக்கி வியர்வை பட்டுக் கறுக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். 750 ரூபாய்த் தோட்டில் அது சரிவராது. நல்லது எங்கே எடுக்கிறீர்கள்?

---

நூல்கண்டு (தெமட்டகொடை)

புறக்கோட்டையில் கெய்சர் வீதி, குறுக்குத் தெருக்கள் பக்கம் மணி, பாசி, கொக்கி விற்கும் சின்னக் கடைகள் இருக்கு, எவர்சில்வர் கொக்கி என்றே கேளுங்கள். வெள்ளி மாதிரி மினுங்குவதெல்லாம் எவர்சில்வர் இல்லை, கடைக்காரர் சத்தியம் பண்ணுவார், நம்பாதீர்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு சோடி வாங்கி, எந்தக் கடை என்று தாளில் எழுதி, உப்புத் தண்ணீரில் இரண்டு இரவு ஊறப் போடுங்கள். கறுக்காததை மட்டும் மொத்தமாக எடுங்கள். நிக்கலுக்குக் காது புண்ணாகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு உப்புத் தண்ணீர் பதில் சொல்லாது, அட்டையில் என்ன உலோகம் என்று எழுதி விடுங்கள். சனிக்கிழமை போக வேண்டாம், நடக்க இடம் இருக்காது. செவ்வாய், புதன் காலையில் போனால் நின்று பார்த்து எடுக்கலாம். நானும் நூல் எடுக்கப் போவேன், வருவதென்றால் உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள்.